உங்கள் டெஸ்ட் எந்த ஃபோல்டரைச் சோதிக்கிறது?

எங்கள் பைத்தான் லைப்ரரி ஒன்றுக்குப் புது வெர்ஷன் போட்டோம். டெஸ்ட் அத்தனையும் பாஸ். சிறிது நேரத்தில் பக்கத்து டீம் தம்பி ஒருவர் கூப்பிட்டார்: "அண்ணா, இன்ஸ்டால் ஆகுது, ஆனா இம்போர்ட்ல 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்'னு அடிக்குது."

புதிதாகச் சேர்த்த ஒரு உள்ஃபோல்டரில் 'இனிட்' ஃபைல் (ஃபோல்டரைப் பேக்கேஜ் என்று அடையாளம் காட்டும், பெரும்பாலும் காலியான ஃபைல்) வைக்க மறந்திருந்தோம். பைத்தான் 3.3-லிருந்து அந்த ஃபைல் இல்லாவிட்டாலும் இம்போர்ட் நடக்கும். ஆனால் பேக்கேஜ் கட்டும்போது, அதற்கான கருவியான செட்டப்டூல்ஸின் 'ஃபைண்ட் பேக்கேஜஸ்' அப்படிப்பட்ட ஃபோல்டரைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். என் லேப்டாப்பில் இருந்தது, பயனருக்குப் போகும் வீல் ஃபைலில் இல்லை.

சரி, டெஸ்ட் ஏன் இதைப் பிடிக்கவில்லை? ப்ராஜெக்டின் முதல் அடுக்கிலேயே கோட் ஃபோல்டரை வைத்திருந்தோம். 'பைத்தான் மைனஸ் எம் பைடெஸ்ட்' என்று அங்கிருந்து ஓட்டினால், பைத்தான் முதலில் தேடுவது நாம் நிற்கும் ஃபோல்டரைத்தான். இன்ஸ்டால் ஆன பேக்கேஜ் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்காது. இத்தனை நாளும் யாருக்கும் அனுப்பாத ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறோம்!

கோட் ஃபோல்டரை 'எஸ்ஆர்சி' என்ற ஃபோல்டருக்குள் ஓர் அடுக்கு இறக்கிவிட்டால் இந்தக் குறுக்குவழி அடைபடும். இன்ஸ்டால் செய்யாமல் இம்போர்ட் ஆகாது. பலர் இதோடு நிம்மதியாகிவிடுகிறார்கள். அங்கேதான் இரண்டாவது பள்ளம். எடிட்டபிள் முறையில் (நகலெடுக்காமல், நம் கோட் ஃபோல்டரையே சுட்டிக்காட்டும் முறை) இன்ஸ்டால் செய்தால் பைத்தான் மறுபடி அதே எஸ்ஆர்சி ஃபோல்டரைத்தான் படிக்கும். வீலில் விடுபட்டது தெரியாது. அன்றாட வேலைக்கு எடிட்டபிள் போதும். சிஐ-யில் (கோட் மாறும்போது தானாக டெஸ்ட் ஓட்டும் ஏற்பாடு) மட்டும் வீலைக் கட்டி, புது விர்ச்சுவல் என்விரான்மென்டில் (தனியான பைத்தான் சூழல்) போட்டு, அதன் மேல் டெஸ்ட் ஓட்டுங்கள்.

டெஸ்ட் ஃபோல்டரையும் கவனியுங்கள். அதில் இனிட் ஃபைல் இருந்து, பழைய செட்டப் ஸ்கிரிப்டில் அதை விலக்கச் சொல்லாவிட்டால், 'டெஸ்ட்ஸ்' என்ற பெயரிலேயே இன்ஸ்டால் ஆன பேக்கேஜ்கள் இருக்கும் பயனரின் சைட்-பேக்கேஜஸ் ஃபோல்டருக்குள் போய் உட்காரும். இன்னொரு லைப்ரரியும் அதே தவறைச் செய்திருந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று எழுதிக்கொள்ளும்.



வீல் என்பது வெறும் ஜிப் ஃபைல். ரிலீஸுக்கு முன் திறந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பைத்தான் பேக்கேஜ்களின் பொதுக் கிடங்கான பைபிஐ-யில் ஒருமுறை ஏற்றிய ஃபைல் பெயரை, அழித்தாலும் மறுபடி பயன்படுத்த முடியாது. அதனால் ஒரே ஒரு காலி ஃபைலுக்காக அன்று நாங்கள் இன்னொரு வெர்ஷன் போட்டோம்.