பப்மெட் நீங்கள் தட்டியதை அப்படியே தேடுவதில்லை

மருத்துவ ஆய்வுக் கட்டுரை வேண்டுமென்றால் பெரும்பாலானோர் முதலில் போவது பப்மெட்டுக்குத்தான். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்துவது, 1997 முதல் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம், 3.5 கோடிக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் விவரங்கள் இருக்கின்றன. விவரங்கள் மட்டும்தான்: தலைப்பு, எழுதியவர்கள், பெரும்பாலும் ஒரு சுருக்கம். முழுக் கட்டுரைக்கு அங்கிருக்கும் இணைப்பைப் பிடித்துப் போக வேண்டும், சிலது இலவசம், பலதுக்குக் காசு.

சரி, தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் ஹார்ட் அட்டாக் என்று தட்டுகிறீர்கள். அதே நோயை ஆராயும் மருத்துவர் தன் கட்டுரையில் அந்தச் சொல்லை ஒரு இடத்தில்கூட எழுதியிருக்க மாட்டார், மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்றுதான் எழுதியிருப்பார், அப்படியிருந்தும் அந்தக் கட்டுரை உங்களுக்குக் கிடைக்கிறது. காரணம், மெஷ் என்ற சொற்பட்டியல். 1960 முதல் அந்த நூலகம் பராமரித்து வருகிறது, இன்று அதில் ஏறத்தாழ 30,000 தலைச்சொற்கள். ஒவ்வொரு கட்டுரையும் எதைப் பற்றியது என்று பார்த்து அதற்குரிய தலைச்சொற்களை இணைக்கிறார்கள்; முன்பு ஆட்கள் படித்துப் படித்துச் செய்த வேலை, 2022 முதல் பெரும்பாலும் கணினி செய்கிறது. நீங்கள் தட்டியதைப் பப்மெட் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தும் தலைச்சொல்லையும் உங்கள் சொற்களையும் சேர்த்துத் தேடுகிறது. அதோடு நிற்பதில்லை, அந்தத் தலைச்சொல்லுக்குக் கீழே கிளை பிரியும் குறுகிய வகைகளையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

கூகுள் பழக்கத்தில் பலர் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டுவிடுகிறார்கள், துல்லியமாக வரும் என்ற நம்பிக்கை. ஆனால் மேற்கோள் குறி போட்ட உடனே இந்த மாற்றம் நின்றுவிடும், வேறு சொல்லில் எழுதப்பட்ட நல்ல கட்டுரைகள் கண்ணில் படாமலே போகும். சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டாலும் அதே கதைதான். ஆய்வேடு எழுதும் மாணவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் விடுபட்ட கட்டுரை விடுபட்டது என்று திரை சொல்லாது. அட்வான்ஸ்டு பக்கத்தில் தேடல் வரலாற்றுக்குப் பக்கத்திலேயே டீடெய்ல்ஸ் என்று இருக்கும், அதைத் திறந்தால் உங்கள் கேள்வி என்னவாக மாறியது என்பது முழுதாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

அதற்காக மெஷ் சொல்லை மட்டும் நம்பியும் தேடக் கூடாது. பப்மெட்டில் இருக்கும் எல்லாமே மெட்லைன் இதழ்களில், அதாவது அந்த நூலகம் தேர்ந்தெடுத்து மெஷ் சொல் போடும் இதழ்களில், வந்தவை அல்ல, இதழில் வெளியாகும் முன்பே இணையத்தில் போடப்படும் முன்பதிப்புகளும் உண்டு, அவற்றுக்கு மெஷ் சொல் போடுவதில்லை. அதனால் மெஷ் சொல்லையும், தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சாதாரணச் சொற்களையும் 'ஆர்' (OR, அல்லது) போட்டு அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிட்டு, அப்புறம் அடுத்த விஷயத்தை 'அண்ட்' (AND, மற்றும்) போட்டு இணையுங்கள். அடைப்புக்குறி இல்லையென்றால் பப்மெட் இடமிருந்து வலமாகக் கணக்கிட்டுக்கொண்டே போகும், நீங்கள் நினைத்தது ஒன்று, வருவது வேறொன்றாக இருக்கும்.