பத்து வருடம் பிந்தி வரும் நோய்

கல்முனையிலோ களுவாஞ்சிகுடியிலோ, 58 வயதுப் பெண்ணொருவருக்குச் சமைத்துக்கொண்டிருக்கையில் மேல்வயிற்றில் நோவெடுத்து, மூச்சு வாங்கி, உடல் வியர்த்தால், வீட்டிலுள்ளவர்கள் வாய்வு என்று சொல்லி இஞ்சித் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். அதே நோவு கணவருக்கு வந்திருந்தால் உடனே ஓட்டோ பிடித்திருப்பார்கள். மாரடைப்பு ஆண்களின் நோய் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. அது வெறும் கற்பனையன்று. ஆனால் அதில் வயதுக் கணக்கு விடுபட்டுப்போகிறது.

மாரடைப்புக்குக் காரணமான முடியுருநாடி நோய், அதாவது இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகள் அடைபடும் நோய், ஆண்களைவிடப் பெண்களுக்குச் சராசரியாக 7 முதல் 10 வருடங்கள் பிந்தியே வருகிறது. இந்தத் தாமதத்தில் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஓமோனுக்குப் பெரும் பங்குண்டு. நாடியின் உட்சுவரில் ஒரேயொரு கலத்தின் தடிப்பேயுள்ள மெல்லிய படையொன்று இருக்கிறது. ஈஸ்ட்ரஜன் அந்தக் கலங்களை நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கத் தூண்ட, அவ்வாயு நாடியைத் தளர்த்தி விரிக்கிறது. குருதியிலுள்ள கெட்ட கொலஸ்ட்ரோலை ஈரல் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளவும் இதே ஓமோன் உதவுகிறது. ஏறத்தாழ 50 வயதில் மாதவிடாய் நின்றதும் இந்தத் துணை விலகுகிறது. கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறத் தொடங்குகிறது. பெருநாடியின் மீள்தன்மை வயதோடு குறைவதால் பிரஷரும் கூடுகிறது.

அப்படியானால் ஓமோனை மாத்திரையாகக் கொடுத்தால் போதாதா? அமெரிக்காவில் 16,000க்கும் அதிகமான பெண்களிடம் இது சோதிக்கப்பட்டது. ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஓமோன் மருந்தும் சேர்ந்த மாத்திரை இதயத்தைக் காக்கவில்லை. தீங்கே மிகுந்ததால் 2002இல் அந்தச் சோதனை இடைநடுவில் நிறுத்தப்பட்டது. அவர்களின் சராசரி வயது 63. அதற்குள் நாடிகளில் கொழுப்புப் படிந்துவிட்டதால் மருந்து பலனளிக்கவில்லை என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

நீரிழிவு வந்துவிட்டால் அந்தப் பத்து வருடச் சலுகையின் பெரும்பகுதி பறிபோய்விடுகிறது. நீரிழிவும் புகைத்தலும் ஆண்களைவிடப் பெண்களின் இதய ஆபத்தையே கூடிய விகிதத்தில் உயர்த்துகின்றன. சீனி வருத்தம் வீட்டுக்கு வீடு பேசப்படும் நம் கரையோர ஊர்களில், இதை நான் மிகவும் கவலையோடு எழுதுகிறேன்.

மாரடைப்பின்போது நெஞ்சு நோ இருபாலாருக்கும் பொதுவானதே. ஆயினும் தாடை நோ, முதுகு நோ, ஓங்காளம், காரணமில்லாத களைப்பு ஆகியவை பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. இவை வியர்வையோடும் மூச்சுத்திணறலோடும் வந்தால் இஞ்சித் தண்ணீர் கொதிக்கும்வரை காத்திராமல் 1990 என்ற தொலைபேசி இலக்கத்தில் அம்புலன்சை அழைக்க வேண்டும்.

இன்னொன்று, பலர் கேட்க மறக்கும் கேள்வி. கர்ப்பகாலத்தில் பிரஷர் கூடிச் சிறுநீரில் புரதம் போன பெண்ணுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. முப்பது வருடங்களுக்கு முன் மருத்துவமாது எழுதிக் கொடுத்த கிளினிக் அட்டை அலுமாரியின் அடியில் இன்னும் கிடந்தால், அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது அதையும் எடுத்துச் செல்லுங்கள்.