பொறி நிறைய ஈ, பிஞ்சு நிறைய புழு

வீட்டுத் தோட்டத்தில் பரங்கியோ பாகலோ போட்டவர்களுக்கு இந்தக் குழப்பம் வந்தே தீரும். கடையில் சொன்னபடி, பழ ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வாங்கித் தொங்கவிட்டாயிற்று. டப்பாவில் செத்த ஈக்கள் குவிகின்றன. ஆனாலும் பிஞ்சுகள் மஞ்சளாகி, அழுகி விழுகின்றன. அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளிகிறது. பொறி வேலை செய்கிறதா, இல்லையா?

செய்கிறது. ஆனால் அதில் விழுவதெல்லாம் ஆண் ஈ. காயைக் குத்தி முட்டையிடுவது பெண்.

பொறிக்குள் இருக்கும் சின்னக் கட்டையில் ஊறியிருப்பது கியூ லூர் என்ற செயற்கை வேதிப்பொருள். ஈரப்பதம் பட்டதும் அது சிதைந்து ராஸ்பெரி கீட்டோன் ஆகிறது. இதே பொருள் சில காட்டு ஆர்க்கிட் பூக்களிலும் இருக்கிறது. ஆண் பழ ஈ அதைத் தேடிப்போய் நக்கித் தின்று, மலக்குடலை ஒட்டிய சுரப்பியில் சேர்த்துவைக்கிறது. அந்தி நேரத்தில் ஆண்கள் செடிகளில் கூட்டமாக உட்கார்ந்து, இறக்கையை அதிரவைத்து அந்த மணத்தைப் பரப்பிப் பெண்ணை வரவழைக்கின்றன. ஆக, பொறியில் இருப்பது பெண்ணின் வாசனை இல்லை. ஆண் பூசிக்கொள்ள ஆசைப்படும் அத்தர்.

ஆண்களைக் குறைத்தால் பெண்கள் முட்டையிடாமல் போகாதா? போகும், கிட்டத்தட்ட எல்லா ஆண்களையும் பிடித்தால். ஒரே ஆண் பல பெண்களுடன் சேரும் என்பதால் தப்பிப் பிழைக்கும் சிலவே போதும். மாம்பழத்தைத் தாக்கும் பழ ஈ வேறு இனம். அதன் ஆணை இழுப்பது மெத்தில் யூஜினால். அதையும் பூச்சிக்கொல்லியையும் ஊறவைத்த அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டே, 1960களில் பசிபிக்கின் ரோட்டா தீவில் அந்த ஈயை ஒழித்தார்கள். கியூ லூருக்கு அவ்வளவு இழுவிசை கிடையாது. அதுவும் நம் வீட்டில் ஒற்றை டப்பா, சுற்றிலும் ஊர் முழுக்க ஈ! பொறியால் வேறு பயன் உண்டு: ஈ வந்துவிட்டது என்று முன்கூட்டியே சொல்லும். வாங்கும்போது மாம்பழ ஈக்கான கட்டையைத் தந்துவிடுகிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கொடிக்காய்களுக்கு அது உதவாது.

சரி, பெண்ணுக்கு வருவோம். கூட்டிலிருந்து வெளிவந்த பெண் ஈயால் உடனே முட்டையிட முடியாது. முட்டை முதிரப் புரதம் வேண்டும். பறவை எச்சம், அசுவினி கசியவிடும் தேன்துளி, இலைமேல் வளரும் பாக்டீரியா என்று மேய்ந்து திரிகிறது. இந்த நாட்களில் அது பரங்கிக் கொடியில் குடியிருப்பதில்லை. பக்கத்துப் புதர், மக்காச்சோளம், வேலியோரச் செடி இவைதான் அதன் தங்குமிடம். முட்டையிட மட்டும் கொடிக்கு வந்துவிட்டுத் திரும்பிவிடும். கொடியை நனைய நனைய மருந்தடிப்பதில் பெரும்பகுதி வீணாவது இதனால்தான். ஓரத்தில் மக்காச்சோளம் நட்டு, அதில் புரதக் கரைசலோடு மருந்து கலந்து தெளிக்கும் முறை வந்ததும் இதே காரணத்தால்தான்.

புரதப் பசியைப் பயன்படுத்துவதில் நம் ஊர் முறை கருவாடு. மீன்தூள் பொறியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைத்திருக்கிறது. அந்தக் குறிப்பில் சேர்க்கச் சொன்ன டைகுளோர்வாஸ் மருந்துக்கு 2020 முடிவோடு இந்தியாவில் முழுத் தடை. வீட்டுக்கு அது தேவையும் இல்லை. பக்கவாட்டில் ஓட்டை போட்ட பாட்டிலில் கருவாடு ஊறிய தண்ணீரும் இரண்டு சொட்டு சோப்புக் கரைசலும் போதும். உள்ளே போகும் ஈ மூழ்கிவிடும். பூனை எட்டாத உயரத்தில் கட்டுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் பாட்டில் இருக்காது.

பெண்ணின் வால் நுனியில் ஊசிபோன்ற முட்டையிடும் உறுப்பு இருக்கிறது. மெல்லிய தோலுள்ள பிஞ்சில் அதைச் செருகி முட்டைகளை உள்ளே இறக்கிவிடும். குத்திய இடத்தில் பிசின் துளி கசிந்து நிற்கும். ஓரிரு நாளில் முட்டை பொரிந்து புழு சதைக்குள் துளைக்கத் தொடங்கும். கூடவே பாக்டீரியா புகுந்து அழுகலும் ஆரம்பித்துவிடும். அதன்பிறகு மேலே எதைத் தெளித்தாலும், வேப்பெண்ணெயோ கடைமருந்தோ, புழுவை எட்டாது.

எனவே, நமக்கு வாய்ப்பு உள்ள நேரம் ஒன்றுதான்: காய் பிடித்ததிலிருந்து தோல் கெட்டிப்படும் வரை. அந்த இடைவெளியில் பிஞ்சுக்கு உறை போடுவதைவிட உறுதியான வழி எதுவும் இல்லை என்பேன். செய்தித்தாள் கூம்போ, பழைய வேட்டித் துணியில் தைத்த பையோ போதும். ஆனால் அவசரப்பட்டுப் பூவிலேயே மூடிவிடக் கூடாது. பரங்கியின் பெண்பூ விடிகாலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடும். அதற்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்த்தால்தான் காய். சேர்க்கை முடிந்து இரண்டு மூன்று நாளில் பிஞ்சு தடித்துவரும்போது மூடுங்கள். தேனீ வராத மாடிகளில் காலையிலேயே ஆண்பூவைப் பறித்து நாமே தடவிவிட வேண்டியதுதான். பிஞ்சு மஞ்சளாகி விழுந்தால் ஈயைத் திட்டுவதற்கு முன் அறுத்துப் பாருங்கள். குத்துத் தடமும் புழுவும் இல்லையென்றால் பெரும்பாலும் அது மகரந்தம் சேராத பிஞ்சு. அதற்குப் போய் மருந்தடித்தால் இருக்கும் தேனீயும் போய்விடும்.

முளைத்த இரண்டிலை, மூன்றிலைப் பருவத்தில் இலையை ஓட்டை ஓட்டையாகத் தின்னும் செம்பழுப்பு வண்டு வேறு கதை. அதிகாலையில் மந்தமாக இருக்கும்போது கையாலேயே பிடித்து சோப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம்; கொடி ஓடத் தொடங்கிவிட்டால் அவ்வளவாகப் பயமில்லை.

விழுந்த பிஞ்சை என்ன செய்வது? பலரும் செய்வது போல உரக்குழியில் வீசினால் அங்கேயே அடுத்த தலைமுறை தயாராகும். முற்றிய புழு காயைவிட்டு வெளியே வந்து, உடலை வில்லாக வளைத்துத் துள்ளித் துள்ளிப் போய் மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் கூட்டுப்புழுவாகிறது. ஒன்றிரண்டு வாரத்தில் ஈயாக மேலே வரும். ஹவாய்த் தீவுகளுக்கு இந்த ஈ 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் போய்ச் சேர்ந்தது. அதன் புழுவுக்குள் முட்டையிடும் ஒரு குளவியை 1916இல் இந்தியாவிலிருந்தே கொண்டுபோனார்கள். அங்கே அழுகிய காய்களை வலைக்கூடாரத்துக்குள் கொட்டிவைக்கும் பழக்கம் பின்னாளில் வந்தது. வலைக்கண் வழியே குளவி வெளியேறிவிடும், ஈயால் முடியாது. ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் இன்னும் பெரிதாகச் செய்தார்கள்: காமா கதிரால் மலடாக்கிய ஈக்களை பல ஆண்டுகள் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு, 1993இல் அந்தத் தீவுகளிலிருந்தே இதை ஒழித்தார்கள். அதன்பின்தான் அங்குள்ள பாகற்காய்க்கு ஜப்பானின் பெருநிலச் சந்தைகள் தடையின்றித் திறந்தன.

வீட்டில் அவ்வளவு வேண்டாம். கெட்ட பிஞ்சுகளை அன்றன்றைக்கே பொறுக்கி, கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி மொட்டை வெயிலில் சில நாள் வைத்தால் புழு வெந்துவிடும். புதைப்பதானால் ஒன்றரை அடிக்குக் குறையக் கூடாது. வேலியில் தானாகப் படர்ந்த கோவைக் கொடி இருந்தால் அதன் பழங்களையும் பாருங்கள். நம் பந்தல் காய்ந்து கிடக்கும் மாதங்களில் ஈ பிழைப்பது அங்கேதான். பைகளில் வளர்ப்பவர்கள் அதே மண்ணில் அடுத்த போகம் போடுவதற்கு முன் அதைத் தரையில் மெல்லியதாகப் பரப்பி வெயிலில் காயவிட்டு, நடுவில் இரண்டு மூன்று முறை கிளறிவிட்டால், கூட்டுப்புழுக்கள் மேலே வரும். மைனாவும் எறும்பும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.