வளைவில் சாயும் தரை: காரின் பின்பகுதியில் நாய் ஏன் வழுக்குகிறது?

வளைவில் திரும்பும்போது காரின் பின்பகுதியிலிருந்து நகங்கள் கீறும் சத்தம் கேட்கிறதா? அங்கே நாய் விழாமல் நிற்கப் போராடிக்கொண்டிருக்கிறது. ஓட்டுபவருக்கு இருக்கையின் அணைப்பும் சீட் பெல்ட்டும் கைக்குப் பிடிமானமாக ஸ்டீயரிங்கும் உண்டு. வளைவு வருவதும் முன்கூட்டியே தெரியும். நாய்க்கு இவை எதுவும் இல்லை. அதற்கு இருப்பது நான்கு பாதங்களும், அவற்றின் கீழே பெட்டிகளைத் தள்ளி ஏற்றவும் துடைத்துச் சுத்தம் செய்யவும் வசதியாக வழவழப்பாகச் செய்யப்பட்ட ஒரு தரையும்தான்.

வளைவில் கார் திரும்புகிறது. நாயின் உடலோ நேராகவே போக முயல்கிறது. அதையும் காரோடு சேர்த்துத் திருப்ப வேண்டிய விசை தரையிலிருந்துதான் வர வேண்டும். அந்த விசையின் பெயர் உராய்வு. மணிக்கு 30 கி.மீ வேகத்தில், 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஒரு கார் திரும்புவதாகக் கொள்வோம். பக்கவாட்டு முடுக்கம் என்பது வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. இங்கே அது ஏறக்குறைய 4.6 மீ/வி², அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. காருக்குள் இருக்கும் உடலுக்கு இந்தப் பக்கவாட்டு இழுப்பும் புவியீர்ப்பும் சேர்ந்து ஒரே விசையாகத்தான் உணரப்படும். விளைவு, தரையே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது போல ஆகிவிடுகிறது. மேலே சொன்ன வளைவில் அந்தச் சாய்வு சுமார் 25 பாகை. வீட்டின் கூரை அளவுக்குச் சரிந்த பிளாஸ்டிக் பலகையில் ஒரு நாயை நிற்கச் சொல்வதும் இதுவும் ஒன்றே. நாம் மிதமாக ஓட்டுவதாக நினைக்கும் வேகத்திலேயே இது நடந்துவிடுகிறது.

அந்தச் சாய்வில் வழுக்காமல் நிற்க, பாதத்துக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் குணகம் (உராய்வு விசைக்கும் தரையை அழுத்தும் விசைக்கும் உள்ள விகிதம்) 0.47-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். கணக்கில் நாயின் எடை எங்கும் வரவில்லை. எடை கூடினால் தரையை அழுத்தும் விசையும் கூடும், திருப்பத் தேவையான விசையும் அதே அளவில் கூடும். இரண்டும் ஒன்றையொன்று நீக்கிவிடும். பெரிய நாய், தானாகவே அழுத்தமாக நின்றுகொள்ளும் என்று நம்புவதற்கு இயற்பியலில் இடமில்லை.

நாயின் பாதம் மோசமான கருவியல்ல. இடத்துக்குத் தக்கபடி மிக நன்றாக வேலை செய்வது. அடிப்பகுதியில் உள்ள மெத்தைகளின் தடித்த தோலில் நுண்ணிய கூம்பு போன்ற முனைகள் இருக்கின்றன. அவை கரடான பரப்பின் மேடுபள்ளங்களோடு பொருந்திப் பிடிக்கும். மெத்தைகளில் வியர்வைச் சுரப்பிகளும் உண்டு. லேசான ஈரம் பிடியைக் கூட்டும். பூனையைப் போல நகங்களை உள்ளிழுத்துக்கொள்ள நாயால் முடியாது. வெளியே நீட்டியபடியே இருக்கும் அந்த நகங்கள் மண்ணிலும் புல்லிலும் பதிந்து பிடிப்பதற்கானவை. கடினமான பிளாஸ்டிக்கில் அவை பதிவதில்லை. வழுக்கும்போது நாய் விரல்களை மடக்கி நகத்தை ஊன்றப் பார்க்கும்; அப்போது பிடிமானமுள்ள மெத்தை தரையைவிட்டு எழும்பி, பிடிமானமற்ற நகம் மட்டுமே தரையைத் தொடும். காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் முயற்சியே நிலைமையை மோசமாக்குகிறது. வளர்ந்துவிட்ட நகமும் விரல்களுக்கிடையே மண்டிய முடியும் செய்வதும் இதையேதான். ஆகவே எந்த விரிப்பையும் வாங்குவதற்கு முன் நகத்தையும் முடியையும் வெட்டிவிடுவது நல்லது. பணம் செலவில்லை, பலன் உடனடி.

வழுக்கத் தொடங்கிய பிறகு நிலைமை இன்னும் கெடும். நகரும் பரப்புகளுக்கிடையிலான இயக்க உராய்வு, பொதுவாக அசையாமல் நிற்கும்போதைய நிலை உராய்வைவிடக் குறைவு. கடுமையான பிரேக்கில் காரின் வேகம் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.8 பங்கு வீதத்தில் குறைவதாகவும், தரையின் குணகம் 0.3 மட்டுமே என்றும் வைத்துக்கொள்வோம். மீதமுள்ள 0.5 பங்கு, நாயை முன்னோக்கித் தள்ளும். முன்னால் ஒரு மீட்டர் காலியிடம் இருந்தால், இருக்கையின் முதுகில் அது மணிக்கு 11 கி.மீ வேகத்தில் மோதும். அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இணையான மோதல் இது. அதுவும் கால்கள் விரிந்து, உடல் கோணியிருக்கும் நிலையில். இடுப்பு மூட்டுக் கோளாறோ முழங்கால் தசைநார்க் காயமோ உள்ள நாய்க்கும், வயதான நாய்க்கும் கால் பக்கவாட்டில் விரிவதே போதும், வலி திரும்பிவிடும். பெரிய விபத்து எதுவும் நடக்காமலேயே சில நாய்கள் காரில் ஏற மறுப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி விரிப்புக்கு வருவோம். பெரும்பாலோர் செய்வது பழைய போர்வையையோ துண்டையோ விரித்துவிடுவது. அன்போடுதான் செய்கிறார்கள், ஆனால் அதில் ஆபத்து இருக்கிறது. விரிப்பைப் போட்டதும் உராயும் இடம் இரண்டாகிவிடுகிறது: பாதத்துக்கும் விரிப்புக்கும் இடையே ஒன்று, விரிப்புக்கும் காரின் தரைக்கும் இடையே மற்றொன்று. இரண்டில் எது பலவீனமானதோ அங்கேதான் வழுக்கும். துணியை நாயின் நகம் நன்றாகப் பற்றிக்கொள்ளும். துணியோ பிளாஸ்டிக்கின் மேல் சறுக்கும். நாய் துணியோடு சேர்ந்தே வழுக்கிப் போகும்.

அதனால் விரிப்பை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அதன் அடிப்பக்கத்தை. ரப்பர் இங்கே மற்ற பொருள்களிலிருந்து வேறுபடுகிறது. 1699-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கியோம் அமோந்தோன் வெளியிட்ட உராய்வு விதிகளின்படி, தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பது உராய்வைப் பாதிக்காது. உலோகத்துக்கும் மரத்துக்கும் ஓரளவு பொருந்தும் இந்த விதி ரப்பருக்குப் பொருந்துவதில்லை. ரப்பர் நெகிழ்ந்து அடித்தரையின் நுண்ணிய குழிகளுக்குள் புகுந்துகொள்ளும். தொடும் பரப்பு கூடக்கூடப் பிடியும் கூடும். சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கும் ரப்பரின் குணகம் 0.8-ஐயும் தாண்டலாம். ஆகவே பின்பகுதி முழுவதையும் மூடும் ஒற்றை ரப்பர் விரிப்பு, துண்டு துண்டாகப் போடும் சிறு விரிப்புகளைவிட மேலானது. ஓரங்கள் சுவரை ஒட்டி நின்றால் நகர இடமும் இருக்காது. தரை நார்க் கம்பளமாக இருந்தால் வெல்க்ரோவின் கொக்கிப் பட்டை அதைப் பற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் தட்டாக இருந்தால் பற்றாது.

மேற்பரப்பு கரடாகவும் உறுதியாகவும் இருக்க வேண்டும். தடிமனான மென்பஞ்சு மெத்தை பார்ப்பதற்குச் சுகமாகத் தெரியும். படுத்திருக்கும் நாய்க்குச் சுகம்தான். நிற்கும் நாயின் பாதம் அதில் அமிழ்ந்து, ஒவ்வொரு அசைவிலும் சமநிலை தவறும். வளையம் வளையமாக நூல் நிற்கும் கம்பளமும் வேண்டாம், நகம் சிக்கிக் கிழியும். மழையில் நனைந்த நாய் ஏறினால் பாதத்துக்கும் ரப்பருக்கும் இடையே நீர்ப்படலம் தங்கும். வழவழப்பான ரப்பர் அப்போது கைவிட்டுவிடும். நீர் ஓடி ஒதுங்கக் குறுகலான பள்ளங்கள் உள்ள விரிப்பு வேண்டும். உதிர்ந்த முடியும் தூசியும் படிந்தாலும் பிடி போய்விடும். அவ்வப்போது இரு பக்கமும் கழுவ வேண்டும்.

விற்பவரின் வார்த்தையை நம்பத் தேவையில்லை, நீங்களே அளந்து பார்க்கலாம். பல கார்களில் பின்பகுதியின் தரைப்பலகையைக் கழற்ற முடியும். அதன்மேல் விரிப்பைப் போட்டு, சில கிலோ எடையுள்ள பையை நகராதபடி விரிப்போடு கட்டுங்கள். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். விரிப்பு நழுவும் கோணத்தின் டேன்ஜெண்ட் மதிப்புதான் நிலை உராய்வுக் குணகம். ஒரு மீட்டர் பலகையின் முனையை அரை மீட்டர் உயர்த்தினால் 30 பாகை, குணகம் 0.58. அதற்கு முன்பே நழுவும் விரிப்பை நான் பயன்படுத்த மாட்டேன். முதலில் பார்த்த 25 பாகை வளைவுக்கு மேல் கொஞ்சமாவது கையிருப்பு வேண்டும்.

ஓட்டுபவரின் காலுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. முடுக்கம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே வளைவில் வேகத்தை 30-லிருந்து 20 கி.மீட்டராகக் குறைத்தால் சாய்வு 25 பாகையிலிருந்து 12 பாகையாக இறங்கிவிடும். அந்தச் சாய்வில் சுமாரான விரிப்புகூடத் தாங்கும்.

ஆனால் விரிப்பு, மோதலில் காப்பாற்றும் கருவியல்ல. மணிக்கு 50 கி.மீ வேகத்தில் போகும் கார் எதிலோ மோதி, முன்பகுதி நசுங்கி 70 செ.மீட்டருக்குள் நின்றால், சராசரி முடுக்கம் புவியீர்ப்பின் 14 மடங்கு. 20 கிலோ நாயைத் தடுத்து நிறுத்தச் சுமார் 280 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. குணகம் 0.8 உள்ள நல்ல விரிப்பு தரக்கூடியது 16 கிலோ எடைக்குச் சமமான விசை. மீதியைத் தாங்க, இருக்கைக்குப் பின்னால் காரின் உடலோடு பொருத்தப்பட்ட உறுதியான கம்பித் தடுப்போ, தரைக் கொக்கிகளில் கட்டிய கூண்டோ தேவை. ஹார்னஸ் (நாயின் மார்பைச் சுற்றி அணியும் வார்க்கட்டு) போட்டுக் கட்டினால் வாரைக் குட்டையாக வைக்க வேண்டும். நீண்ட வார் நாய் வேகமெடுக்க இடம் கொடுக்கும். கழுத்துப் பட்டையில் ஒருபோதும் கட்டக் கூடாது. கூண்டை இருக்கையின் முதுகோடு ஒட்டி வையுங்கள். நாய் எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவே அதற்குப் போதும், இன்னும் பெரிதானால் நாய் உள்ளேயே தூக்கி எறியப்படும். பல கூண்டுகளின் அடித்தட்டும் அதே வழவழப்பான பிளாஸ்டிக்தான். கூண்டுக்குள்ளும் ஒரு ரப்பர் விரிப்பை வெட்டிப் போடுங்கள்.