ராமனைவிட உயரமானவன் எங்கே போனான்?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் அனுப்பிய கேள்வி ஒரு வாரமாக என் மேசைமேல் இருக்கிறது. ஆங்கில இலக்கணத்தில் 'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' என்ற பகுதியை நாம் எல்லோரும் கடந்து வந்திருக்கிறோம். 'ராமன் இஸ் த டாலஸ்ட் பாய் இன் த கிளாஸ்', அதாவது வகுப்பிலேயே ராமன்தான் உயரம் என்ற வாக்கியத்தைப் பாசிட்டிவ் டிகிரிக்கு மாற்றச் சொல்வார்கள். 'நோ அதர் பாய் இன் த கிளாஸ் இஸ் ஆஸ் டால் ஆஸ் ராமன்' என்று எழுதினால் முழு மதிப்பெண்.

மாணவி கேட்கிறார்: "'ஆஸ் டால் ஆஸ்' என்றால் சம உயரம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அப்படியானால் இரண்டாவது வாக்கியத்துக்கு, ராமனுக்குச் சமமான உயரத்தில் வேறு யாரும் இல்லை என்பதுதானே பொருள்? ராமனைவிட உயரமான ஒருவன் வகுப்பில் இருந்தாலும் அது உண்மையாகத்தானே இருக்கும்?" ஆசிரியரிடம் கேட்டதற்கு, விதி அப்படித்தான், மனப்பாடம் செய்துகொள் என்று பதில் வந்ததாம்.

அந்தப் பதில் என்னை வருத்துகிறது. மாணவியின் தர்க்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ராமன் 160 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் 150, 155, 165. சரியாக 160 யாரும் இல்லை. 'ஆஸ் டால் ஆஸ்' என்பதற்குச் 'சமம்' என்பதே பொருள் என்றால், வாக்கியம் உண்மை. ஆனால் ராமன் முதலிடத்தில் இல்லை. பிசகு இருப்பது 'சமம்' என்ற அந்தப் பொருளில்தான். ஆங்கிலம் பேசுகிறவர்கள் மனத்தில் 'ஆஸ் டால் ஆஸ் ராமன்' என்பதன் அடிப்படைப் பொருள் 'ராமனுக்குக் குறையாத உயரம்'. 160 ஆகவும் இருக்கலாம், 165 ஆகவும் இருக்கலாம்.

நம்பக் கடினமாக இருக்கிறதா? எதிர்மறையாக்கிப் பாருங்கள். 'கோபால் இஸ் நாட் ஆஸ் டால் ஆஸ் ராமன்' என்றால் கோபால் ராமனைவிடக் குள்ளம் என்றுதான் ஆங்கிலேயர் எவரும் புரிந்துகொள்வார். கோபால் 165 செ.மீ. இருந்தாலும் உயரம் சமமில்லைதான். ஆனால் அதற்கு இந்த வாக்கியத்தை யாரும் இயல்பாகப் பயன்படுத்துவதில்லை. பொருட்காட்சி ராட்டினத்துக்கு முன்னால் ஒரு கோடு போட்டு, இந்தக் கோட்டுக்கு 'ஆஸ் டால் ஆஸ்' இருந்தால்தான் ஏறலாம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், கோட்டைத் தாண்டி வளர்ந்த பிள்ளையைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

அப்படியென்றால், 'கோபால் இஸ் ஆஸ் டால் ஆஸ் ராமன்' என்று கேட்டதும் இருவரும் சம உயரம் என்று ஏன் தோன்றுகிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சமம் என்ற எண்ணம் சொல்லில் இல்லை; கேட்பவர் மனத்தில் உருவாகிறது. பால் கிரைஸ் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1967இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில் இந்த வகை ஊகத்தை விளக்கினார். பேசுகிறவர் தனக்குத் தெரிந்ததைப் போதுமான அளவு சொல்வார் என்று கேட்பவர் நம்புகிறார். 'நான்கு இட்லி சாப்பிட்டேன்' என்று மகன் சொன்னால், ஐந்தாவது இட்லி உள்ளே போகவில்லை என்று அம்மா முடிவு செய்கிறாள். ஆறு சாப்பிட்டவனும் நான்கு சாப்பிட்டவன்தானே! ஆனால் ஆறு என்றால் ஆறு என்றே சொல்லியிருப்பான். அதே கணக்கில்தான், கோபால் ராமனைவிட உயரமாக இருந்திருந்தால் 'டாலர் தேன்', அதாவது 'அவனைவிட உயரம்' என்றே சொல்லியிருப்பார்கள், சொல்லவில்லை, ஆகவே சமம். 'குறையாத' என்ற சொற்பொருளும் 'அதற்கு மேல் இல்லை' என்ற ஊகமும் ஒட்டிக்கொண்டு 'சமம்' ஆகின்றன.

இப்போது மாணவியின் வாக்கியத்துக்கு வருவோம். அதில் 'நோ அதர்' என்ற மறுப்பு வந்ததும் தராசு தலைகீழாகிவிடுகிறது. 'ராமனைவிட உயரமானவன் யாரும் இல்லை' என்பது மென்மையான கூற்று. ராமனுக்கு இணையான ஒருவன் இருக்க அது இடம் விடுகிறது. 'ராமனுக்குக் குறையாதவன் யாரும் இல்லை' என்பதோ அந்த இடத்தையும் அடைத்துவிடுகிறது. பேசுகிறவர் இருப்பதிலேயே வலுவான கூற்றைச் சொல்லிவிட்டார். 'இதைவிடப் பெரிதாக ஏன் சொல்லவில்லை' என்று கேட்பவர் யோசிக்கக் காரணமே இல்லை. ஊகம் கழன்றுகொள்ள, வெறும் சொற்பொருள் மட்டும் நிற்கிறது. 165 செ.மீ. பையன் ராமனுக்குக் குறையாதவன். அவன் வகுப்பில் இருந்தால் வாக்கியம் பொய். ராமனுக்கு முதலிடம் கிடைப்பது இப்படித்தான்.

குழந்தைகள் இந்த ஊகத்தைப் பெரியவர்கள் அளவுக்குச் செய்வதில்லை. பிரான்சில் ஐரா நோவெக் 2001இல் வெளியிட்ட ஆய்வில், 'சில ஒட்டகச்சிவிங்கிகளுக்கு நீண்ட கழுத்து உண்டு' போன்ற கூற்றுகளைப் பெரியவர்களைவிட அதிக விகிதத்தில் சிறுவர்கள் சரி என்று ஏற்றார்கள். 'சில' என்றால் 'எல்லாம் அல்ல' என்று ஊகிப்பது பெரியவர்கள் வழக்கம். சிறுவர்களுக்கோ, எல்லாவற்றுக்கும் உண்டு என்றால் சிலவற்றுக்கும் உண்டுதானே!

'ஆஸ்' என்ற சொல்லின் வரலாறும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் 'ஸ்வா' என்றால் 'அவ்வாறு'. முன்னும் பின்னும் ஒவ்வொரு 'ஸ்வா' வைத்து 'பனி போல வெண்மை' என்றார்கள். அழுத்திச் சொல்ல 'ஆல்' சேர்த்து 'ஆல்ஸ்வா', முழுக்க அவ்வாறே என்றார்கள். அது நாவில் தேய்ந்து 'ஆல்ஸ்' ஆகி 'ஆஸ்' ஆனது. தேயாமல் நின்ற வடிவம் இன்றைய 'ஆல்ஸோ'. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

எங்கள் மொழிதான் தர்க்கபூர்வமானது, ஆங்கிலம் குழப்பமானது என்று மேடைகளில் பேசுகிறவர்களைப் பார்க்கிறேன். அது மூடநம்பிக்கை என்றே நினைக்கிறேன். 'கோபால் ராமன் அளவுக்கு உயரமில்லை' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள்: கோபால் குள்ளம் என்றுதான் பொருள் வருகிறது. 'அளவுக்கு' என்ற நம் சொல்லும் 'குறையாத' என்றே நடந்துகொள்கிறது. இத்தகைய ஆய்வுக்குக் கோடிக்கணக்கில் கருவிகள் வேண்டாம். தாளும், பென்சிலும், பொறுமையாகப் பதில் சொல்லும் பேச்சாளர்களும் போதும். அந்தச் சிறு செலவையாவது தமிழுக்குச் செய்ய வேண்டும். மொழியைப் போற்றும் விழாவுக்குக் கிடைக்கும் பணம், மொழியை ஆராயவும் கிடைக்க வேண்டும்.

மாணவிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'டால்' இருந்த இடத்தில் 'ஷார்ட்' வைத்துப் பாருங்கள். 'ஆஸ் டால் ஆஸ்' என்று இருவரைச் சொன்னால் இருவருமே நெட்டையர் என்று பொருளாகாது, 150 செ.மீ. உள்ள இருவரையும் அப்படிச் சொல்லலாம். 'ஆஸ் ஷார்ட் ஆஸ்' என்றாலோ இருவருமே குள்ளம் என்ற தொனி வந்துவிடுகிறது. 'ஷார்ட்டஸ்ட்' என்பதில் அந்தத் தொனி இல்லை. கூடைப்பந்து அணி ஒன்றில் மற்றவர்களெல்லாம் 2 மீட்டரைத் தாண்டியிருக்க, ஒருவர் மட்டும் 195 செ.மீ. என்றால், அணியிலேயே அவர்தான் 'ஷார்ட்டஸ்ட்'. அதையே 'நோ அதர் பிளேயர் இஸ் ஆஸ் ஷார்ட் ஆஸ் ஹிம்' என்று மாற்றினால், அந்த 195 செ.மீ. மனிதர் ஏதோ குள்ளர் என்பதுபோல் ஒலிக்கிறது. தேர்வுத்தாள் இரண்டையும் ஒன்றென்று கொள்ளும்; ஆங்கிலம் பேசுகிறவரின் காது கொள்ளாது.