தட்டில் செத்த செல் உடம்பிலும் சாகுமா?

போன ஜூலையில், ஊட்டியில் ஒரு வாரமாக வெயிலே எட்டிப்பார்க்காத ஒரு சாயங்காலம், ஆராய்ச்சி மாணவர் ஒருவர் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். குந்தா பக்கம் வேலியோரம் வளரும் ஒரு செடி. அதன் இலையை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு, மில்லிக்கு 100 மைக்ரோகிராம் அளவில், ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்களில் பாதியை அழித்திருந்தது. பாதியை அழிக்கத் தேவையான அந்த அளவைத்தான் ஐசி50 என்பார்கள்; இங்கே அது நூறு. "மேடம், இது மருந்தாகும்ல?" என்று கேட்டார்.

அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் மருந்தியலின் முதல் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை: தட்டில் வைத்த அந்த அளவு, நோயாளியின் உடம்பில் கிடைக்குமா?

ஒரு தாளை எடுத்தேன். "மில்லிக்கு 100 மைக்ரோகிராம்னா லிட்டருக்கு 100 மில்லிகிராம். ஆள் 60 கிலோ. பொருள் ரத்தத்தோட நிக்காம உடம்பெல்லாம் பரவும். அது பரவுற இடத்தை, அதாவது பரவும் கொள்ளளவை, உடம்பு எடையில கிலோவுக்கு ஒரு லிட்டர்னு வெச்சுக்குவோம். எவ்வளவு வேணும்?"

"60 லிட்டர்... 6 கிராம், மேடம்."

"வாய்வழியா குடுத்தா குடலையும் கல்லீரலையும் தாண்டி பத்துல ஒரு பங்குதான் ரத்தத்துக்கு வருதுன்னா?"

"60 கிராம்."

"வந்ததுல நூத்துக்கு 95 பங்கு ரத்தத்துல இருக்கற ஆல்புமின்ங்கற புரதத்துல ஒட்டிக்கிச்சு. வேலை செய்ய மிச்சம் இருக்கறது 5 பங்கு."

இருபதால் பெருக்கினார். 1200 கிராம். அவர் எழுதிய எண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். செல் வளர்க்கும் திரவத்திலும் இப்படி ஒட்டவைக்கும் புரதமுள்ள சீரம் கொஞ்சம் உண்டு, அதனால் இந்தக் கணக்கு அவ்வளவு கறார் இல்லை. நான் வைத்த எண்களும் உதாரணத்துக்குத்தான். ஆனாலும் நிலைமை புரிந்துவிடும். சாற்றில் உண்மையில் வேலை செய்வது நூற்றில் ஒரு பங்காக இருக்கும் ஒரே மூலக்கூறு என்றால், அதைத் தனியாகப் பிரித்தாலும் 12 கிராம் வேண்டும். ஒரு கிராம் மாத்திரையை விழுங்கவே நம் நோயாளிகள் சிரமப்படுகிறார்கள்.

நேரக் கணக்கு இன்னொன்று. தட்டில் செல்கள் 72 மணி நேரம் அந்தச் சாற்றிலேயே ஊறிக் கிடந்தன. உடம்பில் அரை ஆயுள் (பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்) 2 மணி நேரம் உள்ள ஒரு பொருள், 10 மணி நேரத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கல்லீரலும் சிறுநீரகமும் ஓய்வெடுப்பதில்லை.

குறைந்த அளவில் வேலை செய்வதும் அதிகபட்சமாக வேலை செய்வதும் ஒன்றல்ல என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஊசியாகப் போடும்போது 10 மில்லிகிராம் மார்ஃபின் தரும் வலி நிவாரணத்தை 0.3 மில்லிகிராம் புப்ரநார்ஃபினே தந்துவிடும். ஆனால் செல்லில் மருந்து வந்து ஒட்டும் இடமான ரிசெப்டரில் உட்கார்ந்த பிறகு, புப்ரநார்ஃபின் அதை மார்ஃபின் அளவுக்கு முழுதாகத் தூண்டுவதில்லை. மருந்தின் அளவையும் பலனையும் காட்டும் வரைபடத்தில் கோடு இடப்பக்கம் தள்ளி இருப்பதை, அதாவது குறைந்த அளவே போதும் என்பதை, மட்டும் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள். எவ்வளவு உயரம் போகிறது என்றும் பாருங்கள்.

உள்ளே எவ்வளவு போகிறது என்ற கேள்வி ஆய்வகத்தோடு நிற்பதில்லை. ஊட்டியில் எந்தத் தைலக் கடையிலும் விண்டர்கிரீன் எண்ணெய் கிடைக்கும். கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்காரப் பொருள். சில வருடங்களுக்கு முன் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவரை அவர் மகள் கூட்டி வந்தார். இதய வால்வு மாற்றியவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறவர். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் நிற்கவில்லை, முன்னங்கையில் நீலத் திட்டுகள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் இருக்க வேண்டியதைவிட வெகுவாக ஏறியிருந்தது. புது மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு இல்லவே இல்லை என்றார். மகள்தான் சொன்னார்: "முட்டிவலிக்குத் தைலம் மட்டும் தேய்க்கிறாருங்க மேடம். காலையிலும் ராத்திரியிலும், கம்பளி சுத்தி." கம்பளியின் சூட்டில் தோல் இன்னும் அதிகமாக உறிஞ்சும். இப்படித் தோலில் தேய்த்ததாலேயே ஐஎன்ஆர் ஏறிய நோயாளிகள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. தைலத்தை நிறுத்தினோம், இறங்கியது. அதே எண்ணெயை ஒரு குழந்தை ஒரு டீஸ்பூன் குடித்துவிட்டால், 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். வீட்டில் பாட்டிலை எட்டாத இடத்தில் வையுங்கள். இதை ஆராய்ச்சியாளருக்காக மட்டும் சொல்லவில்லை.

செடியிலிருந்து மருந்து வராது என்று நான் சொல்லவில்லை. இந்த மலையிலேயே தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் 1860களில் அரசு சிங்கோனா தோட்டம் போட்டது. அதற்கு 40 வருடங்களுக்கு முன்பே, 1820-ல், பெல்லத்தியேவும் காவந்துவும் அந்த மரத்தின் பட்டையிலிருந்து மலேரியா மருந்தான குயினினைத் தனியாகப் பிரித்திருந்தார்கள். மரத்துக்கு மரம் மாறும் பட்டைப்பொடி, அளந்து கொடுக்கக்கூடிய மருந்தானது அதனால்தான். அளவு கூடினால் காது இரையும், குமட்டும். பலன் தரும் அளவுக்கும் தொல்லை தரும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அதே பட்டையில் குயினிடின் என்று ஒன்று இருக்கிறது. குயினினோடு ஒப்பிட்டால் அணுக்களின் எண்ணிக்கையில் மாற்றமே இல்லை, முப்பரிமாணத்தில் அவை திரும்பி நிற்கும் விதம்தான் வேறு. அதை இதயத் துடிப்பைச் சீர்ப்படுத்தப் பயன்படுத்தினார்கள். இத்தனை சின்ன மாற்றத்தையும் உடம்பு கண்டுகொள்கிறது. அப்படியிருக்க, நூறு பொருள் கலந்த சாற்றை ஒரே மருந்துபோலப் பேசுவது எப்படிச் சரியாகும்?

மாணவரிடம் அன்று கடைசியாக, ஆரோக்கியமான செல்களிலும் இதே சோதனையைப் போடச் சொன்னேன். செப்டம்பரில் வந்தார். அவற்றில் பாதி சாகத் தேவைப்பட்ட அளவு மில்லிக்கு 120 மைக்ரோகிராம். புற்றுநோய் செல்லுக்கும் நல்ல செல்லுக்கும் அந்தச் சாறு பெரிதாக வித்தியாசம் பார்க்கவில்லை.

"இதை முதல்லயே போட்டிருக்கணும் மேடம்" என்றார். இப்போது சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு பகுதியையும் இரண்டு வகைச் செல்களிலும் சேர்த்தே போடுகிறார். நேற்று ஐந்தாவது பகுதி முடிந்தது.