முடக்குபொறி: ஒரு சட்டச் சொல்லின் பொருளும் பிறப்பும்

2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்துக்கு ஒரு சட்டமீறல் அறிவிப்பு அனுப்பியது. அதில் ‘டிஃபீட் டிவைஸ்’, அதாவது வண்டியின் மாசுத் தடுப்பைச் சாலையில் தளர்த்திவிடும் ஏற்பாடு, என்ற சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்தது. 2009 முதல் 2015 வரையிலான மாடல்களில் ஏறத்தாழ 4,82,000 டீசல் கார்களில் அது மென்பொருள் வடிவில் இருந்ததாகவும், சாலையில் ஓடும்போது அந்த வண்டிகள் சட்ட வரம்பைப் போல் 40 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடுகளை வெளியேற்றியதாகவும் முகமை குற்றம்சாட்டியது. உலகெங்கும் 1.1 கோடி வண்டிகளில் அதே மென்பொருள் இருப்பதைச் சில நாட்களில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. தமிழில் இதை ‘மோசடி மென்பொருள்’ என்றும் ‘ஏமாற்றுக் கருவி’ என்றும் சொல்வதுண்டு. செய்தித் தலைப்புக்கு அவை போதும். ஆனால் சட்டம் இச்சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறது என்று பார்த்தால், இரண்டுமே குறி தவறியவை என்பது விளங்கும். அவற்றுக்கு மாற்றாக நான் முன்வைக்கும் சொல் ‘முடக்குபொறி’.

முதலில் ‘டிஃபீட்’. இச்சொல்லைக் கேட்டதும் நமக்குத் தோல்வி நினைவுக்கு வருவது இயல்பே. எனினும் இந்த வழக்கில் எதுவும் தோற்கவில்லை. சோதனைக்கூடத்தில் கார் நன்றாகவே தேறியது. இச்சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு மொழியில் ‘செய்ததைக் கலைத்தல்’ என்னும் பொருளுடைய ஒரு வினை. அதற்கும் மூலம் இலத்தீன். போர்க்களப் பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. சட்ட ஆங்கிலம் பழைய பொருளைக் கைவிடவில்லை. ஒரு பத்திரத்தைச் செல்லாததாக்கும் நிபந்தனைக்கு ‘டிஃபீசன்ஸ்’ என்றே அங்குப் பெயர். அமெரிக்கத் தூய காற்றுச் சட்டமும் மாசுத் தடுப்பு அமைப்பைச் ‘சுற்றிக் கடக்கும், பயனற்றதாக்கும் அல்லது இயங்காமல் செய்யும்’ உறுப்புகளைத் தடை செய்யும் இடத்தில், நடுவிலுள்ள வினையாக இச்சொல்லை வைக்கிறது.

அந்த வினைக்குச் செயப்படுபொருள் எது என்பதுதான் இங்கு முக்கியம். ‘ஏமாற்றுக் கருவி’ என்றால் ஏமாறுவது சோதனையாளர். சட்டத்தின் வரையறையிலோ, பயனற்றதாக்கப்படுவது வண்டிக்குள் இருக்கும் மாசுத் தடுப்பு அமைப்பு. இயல்பான ஓட்டத்தில் எதிர்பார்க்கத்தக்க நிலைமைகளில் அந்த அமைப்பின் திறனைக் குறைக்கும் துணைக் கட்டுப்பாட்டு ஏற்பாடு எதுவாயினும் அது ‘டிஃபீட் டிவைஸ்’ என்கிறது அமெரிக்க விதி. அந்த நிலைமை அதிகாரபூர்வச் சோதனையிலேயே பெருமளவு அடங்கியிருந்தாலோ, வண்டியைச் சேதத்திலிருந்தோ விபத்திலிருந்தோ காக்க அந்த ஏற்பாடு தேவைப்பட்டாலோ, எஞ்சினைக் கிளப்புவதற்கு வேண்டிய அளவைத் தாண்டாமல் இருந்தாலோ விலக்கு உண்டு. இந்த வரையறையில் ஏமாற்றும் எண்ணம் என்ற ஒன்று இடம்பெறவே இல்லை.

‘டிவைஸ்’ என்பதற்குக் ‘கருவி’ என்று சொன்னால் ஒரு பெட்டியோ கம்பியோ கண்முன் வரும். தொடக்கத்தில் அது சரியாகவே இருந்தது. 1970-இன் தூய காற்றுச் சட்டத் திருத்தங்களுக்குப் பின், 1972-இல் முகமை இவற்றைத் தடை செய்து வழிகாட்டுச் சுற்றறிக்கை வெளியிட்டபோது, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சுவிட்சுகளே பேச்சாக இருந்தன. வெப்பநிலையை உணர்ந்து மாசுத் தடுப்பை நிறுத்தும் இத்தகைய சுவிட்சுகளை 1973 மாடல் வண்டிகளில் பொருத்தியதற்காக 1974-இல் 1,20,000 டாலர் கட்டி ஒரு நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. அதுவும் ஃபோக்ஸ்வாகன்தான். நாற்பதாண்டுகளுக்குப் பின் உலகம் அதிர்ச்சி அடைந்தபோது இந்தப் பழைய கணக்கு பலருக்கும் நினைவில் இல்லை.

1995-இல் ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் கார்கள் சிக்கின. ஏ.சி. ஓடும்போது எஞ்சின் திணறி நின்றுவிடுகிறது என்ற புகாரைத் தீர்க்க, ஏ.சி. போட்டதும் எரிபொருளைக் கூடுதலாக ஊட்டும் சில்லு ஒன்றை நிறுவனம் பொருத்தியது. திணறல் நின்றது, கார்பன் மோனாக்சைடு வரம்பை மீறியது. அன்றைய சோதனையில் ஏ.சி. போடப்படுவதில்லை என்பதால் சோதனைக்கூடத்தில் இது தெரியவே இல்லை. ஏறத்தாழ 4,70,000 கார்கள், அபராதம் 1.1 கோடி டாலர். விதிக்குப் பொருள் கொள்வதில் உள்ள கருத்து வேறுபாடுதான் இது என்றது நிறுவனம். சோதனையாளரைக் குறிவைத்து எழுதப்பட்ட நிரலாக இது எனக்கும் தோன்றவில்லை. ஆயினும் சட்டத்தின் கண்ணில் இது ‘டிஃபீட் டிவைஸ்’தான். 1998-இல் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், வால்வோ உள்ளிட்ட ஏழு கனரக எஞ்சின் தயாரிப்பாளர்கள் 8.34 கோடி டாலர் அபராதத்துக்கு உடன்பட்டபோது, குற்றம் முழுக்க எஞ்சின் கணினிக்குள் புகுந்திருந்தது: நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் லாரி எரிபொருளை மிச்சப்படுத்தும் முறைக்கு மாறிக்கொள்ளும், மாசு கூடும். அன்று முதல் ‘கருவி’ என்ற சொல் பொருளில் மெலிந்துவிட்டது.

ஃபோக்ஸ்வாகனின் மென்பொருள் மட்டும் உண்மையிலேயே சோதனையை மோப்பம் பிடித்தது. சோதனைக்கூடத்தில் கார் உருளைகளின் மேல் நிறுத்தப்படும். சக்கரம் சுழலும், ஆனால் ஸ்டீயரிங் திரும்பாது. ஸ்டீயரிங்கின் நிலை, வேகம், எஞ்சின் ஓடிய நேரம், காற்றழுத்தம் ஆகியவற்றைக் கொண்டு ‘இது சோதனை’ என்று நிரல் முடிவு செய்தால் மாசுத் தடுப்பு முழுமையாக இயங்கும். சாலை என்று கண்டால் தளர்த்திக்கொள்ளும். நிறுவனத்துக்குள் இதற்கு வழங்கிய பெயர் ‘ஒலியியல் செயற்பாடு’. இவ்வளவு சாதுவான பெயருக்குள் இவ்வளவு பெரிய வேலை ஒளிந்திருந்தது. வெஸ்ட் வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு ஒன்று 2013-இல் அளவுகருவிகளை காரிலேயே ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாச் சாலைகளிலும் சியாட்டில் வரையிலும் ஓட்டிப் பார்த்ததால்தான் இது வெளிப்பட்டது. ஃபோக்ஸ்வாகனின் ஜெட்டா கார் வரம்பைப் போல் 15 முதல் 35 மடங்கும், பஸாட் 5 முதல் 20 மடங்கும் வெளியேற்றின. உடன் சென்ற பி.எம்.டபிள்யூ. பெரும்பாலும் வரம்புக்குள் இருந்தது. அந்த ஆய்வாளர்களுள் அரவிந்த் திருவேங்கடமும் ஒருவர்.

பிற மொழிகள் இச்சொல்லை எப்படி எதிர்கொண்டன என்பதும் நமக்கு உதவும். ஜெர்மானியச் சட்டச் சொல் ‘அப்ஷால்ட்ஐன்ரிக்டுங்’. அணைத்துவிடும் ஏற்பாடு என்பது அதன் நேர்பொருள். பிரெஞ்சில் ‘செல்லாததாக்கும் அமைப்பு’ என்ற பொருளுடைய தொடர் வழங்குகிறது. இரண்டிலும் தோல்வியும் இல்லை, ஏமாற்றும் இல்லை. ஜெர்மன் நாளேடுகள் ‘ஷும்மல்சாஃப்ட்வேர்’, அதாவது தில்லுமுல்லு மென்பொருள், என்று தாராளமாக எழுதின. நீதிமன்றங்கள் வரையறைக்குச் சட்டச் சொல்லையே பற்றிக்கொண்டன.

பற்றிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஏறக்குறைய அமெரிக்க வரையறையையே எடுத்தாண்டு, வெப்பநிலை, வேகம், கியர் முதலிய எதையேனும் உணர்ந்து மாசுத் தடுப்பின் திறனைக் குறைக்கும் ‘வடிவமைப்புக் கூறு’ எதனையும் தடை செய்கிறது. மென்பொருளும் அத்தகைய கூறுதான் என்றும், எஞ்சின் தேய்வதையோ அடைத்துக்கொள்வதையோ தடுப்பது விலக்குக்குப் போதாது என்றும் ஐரோப்பிய நீதிமன்றம் 2020 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்தது. 2022 ஜூலை 14 அன்று அதே நீதிமன்றத்தின் தீர்ப்பில் ‘வெப்பநிலைச் சாளரம்’ என்னும் ஏற்பாடு வந்தது. இந்த ஏற்பாடு சோதனையைத் தேடுவதில்லை. வெளிக்காற்று 15 பாகைக்கும் 33 பாகைக்கும் இடையில் இருக்கும்போது மட்டும் மாசுத் தடுப்பை முழுமையாக இயக்கும். வழக்குகள் வந்த ஆஸ்திரியாவின் குளிரில் ஆண்டின் பெரும்பகுதி அது தளர்ந்தே கிடக்கும் என்பதால் இதுவும் தடைக்கு உட்பட்டதே என்றது நீதிமன்றம். ‘ஏமாற்றுக் கருவி’ என்ற பெயரை வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பைத் தமிழில் விளக்கிப் பாருங்கள். யாரை ஏமாற்றியது என்ற கேள்வியிலேயே நின்றுவிடுவோம்.

சட்ட விளைவுகளும் இந்த இரு கருத்துகளின் வழியே இரண்டாகப் பிரிகின்றன. ஜெர்மன் கூட்டாட்சி நீதிமன்றம் 2020 மே 25 அன்று, ஃபோக்ஸ்வாகன் வேண்டுமென்றே அறத்துக்கு மாறாக வாடிக்கையாளரை ஏமாற்றியது என்று கண்டு, ஓட்டிய தூரத்துக்கான மதிப்பைக் கழித்துக்கொண்டு காரின் விலையைத் திருப்பித் தர ஆணையிட்டது. அது மோசடிக்கான பரிகாரம். வெப்பநிலைச் சாளரம் வைத்த நிறுவனங்களிடம் அந்த எண்ணத்தை மெய்ப்பிப்பது கடினமாக இருந்தது. கவனக்குறைவு இருந்தாலே வாங்கியவருக்கு இழப்பீட்டு உரிமை உண்டு என்று மெர்சிடிஸ் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2023 மார்ச்சில் சொன்ன பிறகு, அதே ஆண்டு ஜூன் 26 அன்று ஜெர்மன் நீதிமன்றம் விலையில் 5 முதல் 15 விழுக்காடு வரை இழப்பீடு என்று வரையறுத்தது. முன்னதில் முழு விலை. பின்னதில் ஒரு பங்கு. அமெரிக்காவிலும் 2017-இல் ஃபோக்ஸ்வாகன் சதி, நீதிக்கு இடையூறு, பொய்யுரைத்து இறக்குமதி செய்தது ஆகிய மூன்று குற்றங்களை ஒப்புக்கொண்டு 280 கோடி டாலர் குற்றவியல் தண்டமும், தனியே 150 கோடி டாலர் உரிமையியல் தண்டமும் செலுத்தியது. வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்வதற்கும் இழப்பீட்டுக்கும் மாசை ஈடுசெய்வதற்குமான 2016-ஆம் ஆண்டு உடன்பாடு 1,470 கோடி டாலர் வரை சென்றது. அலுவலர்கள் சிறைக்கும் சென்றனர். கம்மின்ஸ் நிறுவனமோ, ராம் பிக்கப் வண்டிகளின் எஞ்சின்களுக்காக 2024-இல் 167.5 கோடி டாலர் உரிமையியல் தண்டத்துக்கு உடன்பட்டது. தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்டவற்றில் இதுவே பெரியது.

இந்தியாவில் 2015 டிசம்பரில் ஏறத்தாழ 3,23,700 ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டு மே மாதத்தில், நிறுவனத்தின் மீது கட்டாய நடவடிக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சாலையில் செய்யும் சோதனைக்கு அப்போது இந்தியாவில் வரையறையே இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். வழக்குச் செய்திகளில் ‘சீட் டிவைஸ்’, அதாவது ஏமாற்றுக் கருவி, என்ற சொல் அடிபட்டது. தமிழில் ‘புகை மோசடி’ என்பது இன்னும் தொலைவானது, ஏனெனில் இந்தக் கார்களில் கண்ணுக்குத் தெரியும் புகை ஒரு பொருட்டே அல்ல. நம்மூரில் டீசல் வண்டிக்கு எடுக்கும் புகைச் சான்றுச் சோதனை புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அது பார்ப்பதே இல்லை.

எனவே தமிழ்ச் சொல்லுக்கு வேண்டிய வினை ‘முடக்கு’ என்பது என் துணிபு. வங்கிக் கணக்கை முடக்குகிறார்கள், சொத்தை முடக்குகிறார்கள். பொருள் அழிவதில்லை, இருக்கும் இடத்திலேயே பயனற்றுக் கிடக்கிறது, விடுவித்தால் மீண்டும் இயங்கும். மாசுத் தடுப்புக்கு நேர்வதும் இதுவே. ‘செயலிழப்பி’ என்றால் நிலையான பழுது போல ஒலிக்கிறது. ‘தவிர்ப்பி’ என்றால் மாசையே தவிர்ப்பது என்று நல்ல பொருள் வந்துவிடும். ‘டிவைஸ்’ என்பதற்குப் ‘பொறி’ பொருந்தும். இயந்திரம் என்ற பொருள் அதற்கு உண்டு. எலிப்பொறியில் உள்ளதுபோல் சூழ்ச்சி என்ற சாயலும் உண்டு. ஐம்பொறி என்னும்போது புலனுறுப்பையும் குறிக்கும். வெப்பத்தையும் வேகத்தையும் உணர்ந்து செயல்படும் ஓர் ஏற்பாட்டுக்கு இந்த மூன்றாம் பொருள் எதிர்பாராத வகையில் இயைகிறது.

இரண்டையும் சேர்க்கும்போது ‘முடக்குபொறி’ என்று எழுத வேண்டும். இடையில் ‘ப்’ வராது. ‘ஏமாற்றுக் கருவி’ என்பதில் ஏமாற்று என்பது பெயர், ஆகவே வல்லெழுத்து மிகுந்தது. இங்கு ‘முடக்கு’ வினையடியாக நிற்பதால் இது வினைத்தொகை: முடக்கிய பொறி, முடக்குகின்ற பொறி, முடக்கும் பொறி என முக்காலத்தையும் தாங்கும். சட்ட ஆவணங்களில் முதல்முறை ஆளும்போது ‘மாசுத் தடுப்பு முடக்குபொறி’ என்று முழுமையாக எழுதிவிட்டுப் பின்னர் சுருக்கலாம். ‘மோசடி’ என்ற சொல்லை, ஏமாற்றும் எண்ணத்தை நீதிமன்றம் கண்ட இடத்துக்கு ஒதுக்கி வைக்கலாம். அப்போது ‘கேடிலாக்கின் சில்லு ஒரு முடக்குபொறி, ஃபோக்ஸ்வாகனின் நிரல் மோசடிக்காக எழுதப்பட்ட முடக்குபொறி’ என்று குழப்பமில்லாமல் எழுத முடியும்.